லோகாம்பாள் டீச்சரும் காணாமல் போன கல்லும்மக்காய்களும்

லோகாம்பாள் டீச்சர் பிறந்ததிலிருந்து ஒரு கல்லும்மக்காயைக்கூட வாயில் வைத்ததில்லை. ஆனால் கொச்சிக் காயலில் அதை எண்ணியதும், எடைபோட்டதும், உலர்த்திப் பொடித்ததும் அவர் அளவுக்கு வேறு யாரும் செய்திருக்க முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பெண்ணின் டாக்டர் பட்டம் வருடக்கணக்காக மாட்டிக்கொண்டு கிடந்தது. அந்தக் கதையைச் சொல்லாமல் டீச்சரைப் பற்றி எழுத முடியாது.

கல்லும்மக்காய் என்பது பச்சை ஓடு போட்ட மட்டி. பாறை, கட்டை, பாலத்தூண், கப்பலின் அடிவயிறு என்று எது கிடைத்தாலும் நார்விட்டு ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் கப்பல் நொண்டும், எண்ணெயைக் கூடுதலாகக் குடிக்கும். எதைப் பூசினால் மட்டி ஒட்டாது என்பதுதான் டீச்சரின் ஆராய்ச்சி. மட்டாஞ்சேரியில் தமிழ்ப் பிராமணர்கள் கூடும் சமூக மடத்து மாமிகள் இதையே சுருக்கமாக, "லோகாவுக்குக் கப்பல் அலம்பற உத்தியோகம்" என்றார்கள்.

அவர் விலங்கியல் படித்தது ஆர்வத்தால் அல்ல. கணக்குப் பிரிவில் இடம் தீர்ந்துவிட்டது. கல்லூரியில் தவளை அறுத்துவிட்டு வந்தால், கொல்லைப்புறமாக வந்து தலைமுழுகிய பிறகுதான் வீட்டுக்குள் நுழையலாம் என்று சட்டம். "எனக்கு சயன்ஸ்னாலே ஜலதோஷமாக்கும்" என்பார்.

கல்யாணமானது வெங்கிடாசலத்துடன். பஜார் ரோட்டில் ஒரு மிளகுக் கிடங்கில் கணக்கு எழுதுபவர். நெற்றியில் சந்தனம், தோளில் நேரியல், குரலில் சகஸ்ரநாமம். சமூக மடத்தின் செயலாளரும் அவர்தான். மனைவி ஆராய்ச்சிப் பட்டம் வாங்கி, எர்ணாகுளக் கரையில் பல்கலைக்கழகத் துறையில் வேலைக்குச் சேர்ந்து, தினமும் படகேறிப் போக ஆரம்பித்ததும், ஒரு வார்த்தை பேசாமல் சமையலைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். அவர் செய்யும் மொளகூட்டல் என்ற தேங்காய்க் கூட்டுக்குத் தெருவில் தனி மரியாதை இருந்தது. ருசி தெரிந்த மனிதர் என்பதை மட்டும் இப்போதைக்குச் சொல்லிவைக்கிறேன்.

எழுபத்தேழில் டீச்சருக்கு ஆராய்ச்சி மாணவர்களை வழிநடத்தும் அனுமதி கிடைத்தது. உடனே அவர் செய்த முதல் காரியம், வெள்ளிக்கிழமை மத்தியானக் கூட்டம். மாணவர்கள் எல்லோரும் அவர் அறையில் உட்காருவார்கள். நடுவில் ஒரு தட்டு பழம்பொரி, நேந்திரம்பழ பஜ்ஜி. அந்த வாரம் என்ன முடிவு கிடைத்தது என்று டீச்சர் கேட்கமாட்டார். "உன் கணக்கைக் கெடுத்தது ஆராக்கும்? முதல்ல அதைச் சொல்லு" என்பார். தராசு, காற்று, உப்பு, தூக்கம், காதல் என்று கெடுக்கக்கூடியது எதுவோ அதை மாணவனே பிடித்துக்கொண்டு வரவேண்டும். வெறுங்கையோடு வந்தவனுக்குப் பழம்பொரி கிடையாது.

கல்யாணராமன் என்று ஒரு மாணவன், "எந்தத் தப்பும் இல்லை டீச்சர், எல்லாம் கச்சிதம்" என்று சொல்லிவிட்டான். டீச்சர் அவன் பங்கையும் தானே எடுத்துக் கடித்துக்கொண்டு, "கச்சிதமா வந்திருக்குன்னா நீ தூங்கிண்டு இருந்திருக்கே" என்றார்.

டீச்சரின் பக்கத்து வீட்டில் வளர்ந்த நான், சில வருடங்கள் வெளிதேசங்களில் திரிந்தபோது பேராசிரியர்கள் வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலை செய்திருக்கிறேன். மாணவன் எழுதிய கட்டுரையில் அவர்கள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, படிக்காமலே, தம் பெயரை முதலில் போட்டுக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். வீட்டு நாய்க்கு அந்த மாணவனைவிட நல்ல சாப்பாடு. டீச்சர் அந்த ரகம் இல்லை. அதற்காக அவரைத் தெய்வமாக்கவும் வேண்டாம். எதையும் சந்தேகப்படு என்று ஊருக்குச் சொன்ன அந்த மூளையில் ஒரு ஓட்டை இருந்தது. அது சரியாகக் கல்லும்மக்காய் அளவில் இருந்தது.

அந்த ஓட்டையில் விழுந்தவள் வீரலட்சுமி. டீச்சரின் முதல் மாணவி. சுள்ளிக்கல்லில் எவர்சில்வர் பாத்திரக்கடை வைத்திருந்த சங்கரலிங்கத்தின் மகள். அப்பாவுக்குத் தென்காசிப் பக்கம் ஊர். மகள் மலையாளத்தில் படித்து, தமிழில் சண்டை போட்டு, ஆங்கிலத்தில் ஆராய்ச்சி செய்தாள்.

முந்திரி ஓட்டெண்ணெயில் செம்பு உப்பைக் கலந்து அவள் ஒரு பெயிண்ட் தயாரித்தாள். மாமரப் பலகைகளில் பாதிக்கு அதை அடித்தாள், மீதியை வெறுமனே விட்டாள். ஐப்பசியில் துலாமழை ஓய்ந்ததும் எல்லாவற்றையும் கயிற்றில் கட்டிக் காயலில் இறக்கவேண்டும். வைகாசி நடுவில் இடவப்பாதி மழை தொடங்கும் முன் தூக்கி, எதில் எவ்வளவு மட்டி ஒட்டியிருக்கிறது என்று பார்க்கவேண்டும். அதுதான் ஒரு சீசன். வெறும் பலகையில் நிறைய, பெயிண்ட் பலகையில் கொஞ்சம் என்று வந்தால் அவள் டாக்டர் வீரலட்சுமி. இரண்டிலும் ஒன்றுபோல் வந்தால் அப்பா கடையில் குடம் விற்கவேண்டியதுதான்.

பலகையைத் தொங்கவிட இடம் வேண்டுமே. வெங்கிடாசலம் முன்வந்தார். அவருடைய கிடங்கின் பின்பக்கம் காயல். சரக்கு இறக்க ஒரு படித்துறை உண்டு. "அங்கே கட்டிக்கோ குழந்தே. நான் பாத்துக்கறேன். ஒரு காக்காய் தொடாது" என்றார். காக்காய் தொடவில்லை, உண்மைதான்.

முதல் சீசன் முடிந்து பலகைகளைத் தூக்கினார்கள். இரண்டு வகையிலும் ஏறக்குறைய ஒரே எடை. அந்த வெள்ளிக்கிழமை வீரலட்சுமி பழம்பொரிப் பக்கம் திரும்பவே இல்லை.

"கெடுத்தது ஆராக்கும்?" என்றார் டீச்சர்.

"நண்டு, டீச்சர்."

"நண்டு தின்னா ஓடு உடைஞ்சு கிடக்கும். கிடந்துதோ?"

"இல்ல."

"அடுத்தது."

"தண்ணி ஓட்டம் அடிச்சுட்டுப் போயிருக்கும்."

"பெயிண்ட் அடிச்ச பலகை எது, அடிக்காதது எதுன்னு ஓட்டத்துக்குத் தெரியுமோடீ? அடுத்தது."

வீரலட்சுமி கொஞ்சம் தயங்கினாள். "யாராச்சும் பறிச்சுத் தின்னிருப்பாங்களோ டீச்சர்? எங்க பக்கத்து வீட்டுல வறுப்பாங்க. நல்ல மணமா இருக்கும்."

டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். "போடீ அசடே! கப்பலுக்கு அடியில ஒட்டற அழுக்கை ஆராவது திம்பாளோ? அடுத்தது சொல்லு."

மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்தவருக்கு இதுகூடவா தெரியாது என்று நீங்கள் கேட்கலாம். மீன் சந்தை வந்தால் மூக்கைப் பொத்தி, முகத்தைத் திருப்பி, வேகமாக நடப்பது அவர்கள் வீட்டில் நாலு தலைமுறைப் பழக்கம். அங்கே கல்லும்மக்காய் குவிந்து கிடந்ததை அவர் கண்ணால் கண்டதே இல்லை. அவருக்கு அது லத்தீன் பெயர் வைத்த ஒரு பிரச்சினை. பிரச்சினையை யார் தேங்காய்க்கொத்து போட்டு வறுப்பார்கள்?

இரண்டாவது சீசனும் அப்படியே போனது. ஒரு விஷயம் மட்டும் வீரலட்சுமியை உறுத்தியது. வெறும் பலகையில் பொடி மட்டிகள் அப்பிக்கிடந்தன, பெரியவைதான் இல்லை. பெயிண்ட் பலகையில் பொடி மட்டி மிகவும் குறைவு, பெரியவை இருந்தன. வெறும் பலகையின் குழந்தைகள் எல்லாம் வளர்ந்ததும் எங்கேயோ வேலைக்குப் போய்விட்ட மாதிரி.

நேரமும் நெருக்கியது. குறிப்பிட்ட காலத்துக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் அவளுடைய பதிவு செல்லாமல் போகும். மூன்று சீசன் கணக்கு இல்லாமல் ஆய்வேட்டை ஏற்கமாட்டார்கள். மூன்றாவதும் வீணானால் நான்காவதற்கு வழி இல்லை.

மூன்றாவது சீசனில் அவள் யாரிடமும் சொல்லாமல் அக்காவின் சிவப்பு நெயில் பாலிஷை எடுத்துக்கொண்டு படித்துறைக்குப் போனாள். தண்ணீர் வற்றிய நேரம் பார்த்து, வெறும் பலகையிலிருந்த மட்டிகளுக்கு, சின்னது பெரியது எல்லாவற்றுக்கும், பொட்டு வைத்தாள். வெங்கிடாசலம் மேலே நின்று எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, மட்டிக்குக் கல்யாணமோ?"

"சும்மா ஒரு அடையாளம் சார்."

"பெயிண்டா அது? விஷம் ஏதாவது உண்டோ?"

"இல்ல சார், நெயில் பாலிஷ்தான்."

"ஓ" என்றார் அவர். ஆனால் முகம் அவ்வளவு தெளிவாக இல்லை.

அடுத்த வாரம் போய்ப் பார்த்தபோது பொடி மட்டிகள் பொட்டும் பூவுமாக அப்படியே இருந்தன. பெரிய மட்டிகளைக் காணோம். வீரலட்சுமி கிடங்கைச் சுற்றி வந்தாள். சுக்கு உலர்த்தும் முற்றத்துக்குப் பின்னால், பப்பாளி மரத்தடியில், ஒரு குவியல் காலி ஓடுகள். சில ஓடுகளில் சிவப்புப் பொட்டு. சிலவற்றில் மசாலாவும் ஒட்டியிருந்தது.

கிடங்கில் தராசு பிடிக்கும் பைலி அந்தப் பக்கம் பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

"பைலிச் சேட்டா, இது எங்கேருந்து?"

"நம்ம பலகையில இருந்து தன்னே மோளே" என்றார் பைலி, ஏதோ உதவி செய்தவர் மாதிரி. "மோள் பேடிக்கண்டா, பயம் வேண்டா. பெயிண்ட் அடிச்சது ஞங்ஙள் தொடாது. சாமி கண்டிச்சு சொல்லியிருக்கு. சாமிக்கு வயறு கேடாகும்னு பேடி."

"எந்தச் சாமி?"

பைலி பீடியாலேயே மாடியைக் காட்டினார். கணக்கு அறை ஜன்னலில் ஒரு சந்தன நெற்றி தெரிந்து, சட்டென்று மறைந்தது.

பிறகு எல்லாம் வெளியே வந்தது. சனிக்கிழமை அரை நாள் வேலை. பைலி பறிப்பார், சாமி வறுப்பார். மிளகுக்குப் பஞ்சமில்லாத இடம். "சாமி வறுத்தா ஒரு ருசி வேற" என்று பைலி சாட்சியும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை வீரலட்சுமி அந்த ஓடுகளை ஒரு டம்ளரில் போட்டு எடுத்துப்போய் மேஜையில் வைத்தாள். பொட்டு வைத்த கதையைச் சொன்னதும் டீச்சருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்கவேண்டுமாம். பழம்பொரித் தட்டையே அவள் பக்கம் தள்ளிவிட்டார்.

"கெட்டிக்காரி! அப்போ தின்னிருக்கா! ஆரு?"

"ஆளுங்கதான் டீச்சர்."

"ஆளுன்னா பேர் இருக்குமே."

"பேர் வேணாம் டீச்சர்."

"பேரில்லாம ஒரு டேட்டா உண்டோடீ? எந்த ஜாதி மீன்னு எழுதறோம், எந்த மனுஷன்னு எழுதப்படாதோ? சொல்லு."

வீரலட்சுமி டம்ளரைப் பார்த்தாள், கல்யாணராமனைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். "உங்க வீட்டு சார்தான் டீச்சர்."

அறையில் ஒருவரும் மெல்லவில்லை. கல்யாணராமன் வாயிலிருந்ததை அப்படியே வைத்துக்கொண்டு இருந்தான்.

அன்று சாயங்காலம் நடந்தது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். நான் ஊரில் இல்லை. என் அம்மா இருந்தாள். அது போதும்.

"எவ்வளவு பெரிசா எடுத்தேள்?" என்று டீச்சரின் குரல் கேட்டதாம்.

"லோகா, சமூகத்துல தெரிஞ்சா என் கதி..."

"நான் கேட்டது நீளம்."

"கட்டைவிரலுக்கு மேல இருந்தா எடுப்போம்."

"சின்னது?"

"சின்னதை ஆர் எடுப்பா? அதுல என்ன இருக்கு?"

"பெயிண்ட் பலகை?"

"பகவான் சத்தியமா தொட்டதில்லை."

"முதல் வருஷம் தொட்டே இப்படித்தானோ?"

"முதல் வருஷம் தொட்டே."

இனிப் பாத்திரம் பறக்கும் என்று அம்மா காதைச் சுவரில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பறக்கவில்லை. "அடேயப்பா! அப்போ பொடி மட்டிக் கணக்கு எல்லா வருஷமும் சரியாக்கும்!" என்று ஒரு கூவல்தான் வந்தது. ஆனால் அன்றிலிருந்து வெங்கிடாசலத்தின் தட்டும் டம்ளரும் தனியாக வைக்கப்பட்டன. அது ஆசாரத்தாலா, கோபத்தாலா என்று அம்மா இன்றுவரை ஒரு முடிவுக்கு வரவில்லை.

டீச்சர் கூவியதில் நியாயம் இருந்தது. பொடி மட்டியை யாரும் தொடவில்லை என்றால், அதை மட்டும் வைத்து எல்லாப் பலகைகளையும் ஒப்பிடலாம். அப்படிப் பார்த்தால் வீரலட்சுமியின் பெயிண்ட் அட்டகாசமாக வேலை செய்திருந்தது. ஆனால் பெரியவை எங்கே போயின என்று ஆய்வேட்டில் எழுதியாகவேண்டும்.

வெங்கிடாசலம் சுள்ளிக்கல் கடைக்குப் போய், வேண்டாத ஒரு தூக்குவாளியை வாங்கிக்கொண்டு, வீரலட்சுமியிடம் தாழ்ந்த குரலில் பேசினார். "குழந்தே, நண்டுன்னு எழுதிடேன். நண்டு வந்து மானநஷ்ட வழக்கு போடப் போறதோ?"

அவளுக்கு மனசு இளகிவிட்டது. நண்டு என்றே எழுதினாள். டீச்சர் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏண்டீ, இந்த நண்டு ஓட்டை உடைக்காது. பெரிசாப் பாத்துத்தான் எடுக்கும். பெயிண்ட் வாசனை பிடிக்காது. சனிக்கிழமைதான் வரும். இந்த நண்டு எந்த ஆபீசில வேலை பாக்கறது?"

"சார் பாவம் டீச்சர்."

"பாவம்தான். எனக்கும் தெரியும். அதை எழுத தீசிஸ்ல இடம் இல்லை. அடி."

நண்டு அடிபட்டது. மனிதர்கள் பறித்து உண்டார்கள் என்று எழுதினாள், பெயர் போடாமல். பதிவு முடிய இருந்த கடைசி வாரத்தில் ஆய்வேட்டைக் கொடுத்தாள்.

வாய்மொழித் தேர்வு எண்பத்திரண்டில் நடந்தது. அதற்குள் நான் ஊர் திரும்பியிருந்தேன். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்றார்கள், போய் உட்கார்ந்தேன். வெளியிலிருந்து வந்திருந்த பரீட்சகர் விசாகப்பட்டினத்துக்காரர். சிரிப்புக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை என்று பார்த்ததுமே தெரிந்தது. வழிகாட்டி இந்தத் தேர்வில் வாய் திறக்கக்கூடாது என்பது விதி. டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டு ஓரமாக இருந்தார். கடைசி வரிசையில் காப்பி பிளாஸ்க்கோடு வெங்கிடாசலம். அவருக்குப் பக்கத்தில் துறையில் குமாஸ்தாவாக இருந்த வெங்கிடேஸ்வரன். மடத்துத் தலைவரின் மகன். இங்கே ஒருவர் தும்மினால் அது சாயங்காலத்துக்குள் மடத்தில் கேட்கும்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. பரீட்சகர் ஒரு பக்கத்தைத் திருப்பி விரலை வைக்கும்வரை.

"மூன்றாவது சீசனில் நீ மட்டிக்குப் பொட்டு வைத்தாய். சின்னவை அப்படியே இருந்தன. ஒத்துக்கொள்கிறேன்" என்றார் ஆங்கிலத்தில். "முதல் இரண்டு சீசனில் சின்னவற்றை யாரும் தொடவில்லை என்று எப்படித் தெரியும்?"

"எடுத்தவரே சொன்னார்."

"யார் அவர்?"

"பெயரைச் சொல்ல முடியாது சார்" என்றாள் வீரலட்சுமி.

"பெயரில்லாத யாரோ சொன்னதை நம்பி இரண்டு சீசன் கணக்கை நான் ஒப்புக்கொள்ள முடியாது. அவற்றை எடுத்துவிட்டால் மிச்சம் ஒரு சீசன். ஒரு சீசனுக்குப் பட்டம் இல்லை. உன் பதிவும் முடிந்துவிட்டது என்று நினைக்கிறேன்."

அவள் கடைசி வரிசையைப் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை, மேஜையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். டீச்சரும் திரும்பவில்லை.

பின்னால் பிளாஸ்க் மூடி கீழே விழுந்து உருண்டது. வெங்கிடாசலம் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"அது நானாக்கும் சார்" என்றார். பிறகு, எல்லோருக்கும் புரியட்டும் என்று, கிடங்கில் கடிதம் எழுதும் ஆங்கிலத்தில் இன்னொரு தடவை சொன்னார். "தின்றவன் கீழே கையொப்பமிட்டவனே."

வெங்கிடேஸ்வரன் நாற்காலியோடு ஒரு அடி தள்ளிப் போனான்.

பரீட்சகர் அவரை மேலும் கீழும் பார்த்தார். சந்தனத்தில் அவர் பார்வை கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றது. "நீங்கள்? மட்டியா?"

"ஆமாம் சார்."

"சின்னவற்றை ஒருமுறைகூட எடுக்கவில்லை என்று எப்படி அவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறீர்கள்?"

வெங்கிடாசலத்துக்கு அந்தக் கேள்வியே அவமானமாக இருந்தது போலிருக்கிறது. "சின்னதை எடுத்துட்டா அடுத்த மாசத்துக்குப் பெரிசு ஏது சார்?"

அறை சிரித்தது. பரீட்சகர் சிரிக்கவில்லை. ஆனால் பேனாவை எடுத்து ஓரத்தில் ஏதோ எழுதினார். எழுதிக்கொண்டே, "இவ்வளவு எளிய விஷயம் முதல் வருடமே உனக்கு ஏன் தோன்றவில்லை?" என்று வீரலட்சுமியைக் கேட்டார்.

"தோணல சார். என் தப்புதான்."

"பொய்" என்றார் டீச்சர்.

பரீட்சகர் தலையைத் தூக்கினார். "வழிகாட்டி பேசக்கூடாது."

"பேசல்லை. திருத்தறேன்." டீச்சர் எழுந்துவிட்டார். "முதல் வருஷமே சொன்னா. ஆராவது பறிச்சுத் தின்னிருப்பான்னு. நான்தான் அசடுன்னு சொல்லிச் சிரிச்சேன். எங்காத்துல திங்கறதில்லை, அதனால லோகத்துலயே ஆரும் திங்கமாட்டான்னு நினைச்சுட்டேன். எங்காத்துலயே தின்னுண்டு இருந்திருக்கா."

சொன்னதையெல்லாம் அவரே ஆங்கிலத்தில் ஒருமுறை சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எங்கள் எல்லோரையும் வெளியே அனுப்பினார்கள்.

வராந்தாவில் சங்கரலிங்கம் புதுச் சட்டையில் நின்றிருந்தார். உள்ளே நடந்தது அவருக்குப் பாதிதான் புரிந்திருந்தது. "மட்டி தின்னா பாஸாக்க மாட்டாவளா?" என்று என்னிடம் கேட்டார். பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. பரீட்சகர் வெளியே வந்து, "டாக்டர் வீரலட்சுமி" என்று கை நீட்டினார். ஆய்வேட்டில் இரண்டு திருத்தம் மட்டும். தின்றவரின் வாக்குமூலம் பின்னிணைப்பாகச் சேரவேண்டும். முதல் வருடச் சந்தேகத்தை நிராகரித்தது வழிகாட்டி என்று ஒரு வரியும் வேண்டும். வீரலட்சுமி அந்த இரண்டாவதைக் கேட்டு, "அய்யோ டீச்சர்" என்றாள். "எழுதுடீ" என்றார் டீச்சர்.

டீச்சரும் வெங்கிடாசலமும் நானும் ஒரே படகில் மட்டாஞ்சேரிக்குத் திரும்பினோம். வெங்கிடேஸ்வரன் முந்தின படகைப் பிடித்துவிட்டான். அது எங்களுக்கு முன்னால், காயல் நடுவிலிருக்கும் தீவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. வெங்கிடாசலம் அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"இறங்கினதும் நேரா மடத்துக்குத்தான் போவான்" என்றார்.

"போகட்டும்" என்றார் டீச்சர். "நண்டு வருஷா வருஷம் வந்ததையும் சொல்லட்டும்."

"செயலாளர் வேலை போயாச்சு."

"போயாச்சு."

வெங்கிடாசலம் முன்னால் போன படகிலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, "அந்தப் பெண்ணுக்குக் கிடைச்சுடுத்தோன்னோ லோகா? இனி ஒண்ணும் ஆகாதே?" என்றார்.

"கிடைச்சுடுத்து. ஒண்ணும் ஆகாது."

"பின்னே சரி" என்றார் வெங்கிடாசலம். பிளாஸ்க்கை எடுத்துக் குலுக்கிப் பார்த்தார். மிச்சமிருந்த காப்பியை மூடியில் ஊற்றி, முதலில் மனைவியிடம் நீட்டினார். டீச்சர் வாங்கிக் குடித்துவிட்டு, அதே மூடியை அவரிடம் கொடுத்தார்.